எந்த நாளின் கார்?

மூன்று மாதமாக ஒரு காரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக். 1969 லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜெயித்த ஃபோர்டு ஜிடி40. கல்ஃப் எண்ணெய் கம்பெனியின் இளநீலமும் ஆரஞ்சும், எண் 6. இதே காரை முழு அளவில் ஃபைபர்கிளாஸில் வார்த்து ஓட்டுகிறவர்களுக்கும் எனக்கும் ஒரே வியாதிதான். அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே இருக்கணும்.

எந்தக் காலம் என்பதில்தான் சிக்கல். இந்தக் காரின் சேஸிஸ் எண் 1075. 1968இல் ஜெயித்ததும் இதே சேஸிஸ்தான், அப்போது எண் 9. பந்தயக் கார் கோயில் சிலை இல்லை. எங்கள் புரொடக்‌ஷன் சர்வர் மாதிரி. நேற்றுகூட யாராவது கை வைத்திருப்பார்கள்.

ஜிடி40இன் உயரம் 40 இஞ்ச், பெயரே அதிலிருந்து வந்தது. டான் கர்னியோ ஆறடிக்கும் மேல். அதனால் 1967இல் அவரும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் ஜெயித்த மார்க் IV காரின் கூரையில் அவர் ஹெல்மெட்டுக்காக ஒரு புடைப்பு வைத்தார்கள். குட்டையான ஒருவர் அந்தக் காரைப் பிரதியெடுத்தால் புடைப்பு சரி, தேவையில்லை. உயரமான ஒருவர் புடைப்பே இல்லாத வேறொரு காரின் பிரதியில் அதை வைத்தால் விவரம் தப்பு, காரணம் சரி. யார் அதிக விசுவாசி? நான் இரண்டாமவர் பக்கம்.

ஆனால் ‘காரணத்தைத்தான் காப்பியடிக்கிறேன்’ என்பது வசதியான சாக்கு என்றும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பில்லிங் நிரலை அப்படித்தான் திருத்தி எழுதினேன். அபத்தமாகப் பட்ட ஒரு ரவுண்டிங் வரியைத் தூக்கினேன். அதற்கும் ஒருவரிடம் காரணம் இருந்திருக்கிறது. மாசக் கடைசியில் கணக்கு இடித்தபோதுதான் புரிந்தது. காரணம் தெரியாத இடத்தில் வடிவத்தைத் தொடாமல் விடுவதும் ஒரு மரியாதைதான்.

இதெல்லாம் சீட் பெல்ட்டில் வந்து முட்டியது. அன்றைய வழக்கப்படி டிரைவர்கள் பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காரில் குதித்துக் கிளம்பணும். அவசரத்தில் பலர் பெல்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். 1969இல் ஜாக்கி இக்ஸ் அதை எதிர்த்து நடந்தே வந்தார். பெல்ட்டை நிதானமாக மாட்டினார், கடைசியாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வூல்ஃப் தன் போர்ஷே 917இல் இறந்துபோனார். பெல்ட் போட்டிருக்கவில்லை என்பார்கள். மறுநாள் இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் சுமார் 120 மீட்டர் இடைவெளியில் ஜெயித்தார்கள். 1970இல் அந்த ஓட்டம் நின்றது. டிரைவர்கள் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் கொடி.

ஆக, அந்தக் காலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் யாருக்கு உண்மையாக? ஓடியவர்களும் அந்தக் காலம்தான், நடந்தவரும் அந்தக் காலம்தான். முழு அளவு பிரதி செய்கிறவர் இன்றைய பெல்ட்டைப் போட்டால் நான் முகம் சுளிக்க மாட்டேன். அந்த சீட்டில் உட்காரப்போவது அவர் உடம்பு.

என் கிட்டில் டிரைவர் பொம்மை இல்லை. பெல்ட்டைப் பூட்டி ஒட்டினால் காலி சீட்டை இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவிழ்ந்த நிலையில் ஒட்டினேன், இரண்டு பட்டைகளும் சீட்டின் ஓரமாகத் தொங்க. இக்ஸ் இன்னும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருக்கிறார்.