சுட்டால்தான் பதிவாகும்

டெக்சாஸில் இருக்கும் என் தம்பி ஒரு காணொளி அனுப்பியிருந்தான். "அக்கா, கூட வேலை பாக்கிறவர் எடுத்தது. முடிஞ்சா பாரு" என்று ஒரே வரி. நவம்பரில் அங்கே மான் வேட்டைப் பருவம். உரிமம் வாங்கிச் சட்டப்படி சுடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்து, வேட்டை என்றாலே குற்றம் என்று அறிந்து வளர்ந்தவள் நான். அதனாலேயே ஒரு திருட்டு ஆர்வத்தோடு திறந்தேன்.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் வெளிச்சமாக ஒரு வட்டம். வட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் இரண்டு மெல்லிய கோடுகள். அவை சந்திக்கும் இடத்தில், வெள்ளைவால் மான் ஒன்றின் தோள்பட்டை. வட்டம் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது சுடப்போகிறவரின் மூச்சு என்று புரியச் சற்று நேரமானது. மான் தலை நிமிர்ந்தது. ஒரு காது இந்தப் பக்கமாகத் திரும்பியது. மூச்சு நின்றது. பிறகு ஒரு வெடிச்சத்தம். படம் துள்ளி மேலே போய் வானத்தையும் கிளைகளையும் காட்டியது. திரும்பக் கீழே வந்தபோது வட்டத்துக்குள் புல் மட்டும் இருந்தது. மொத்தம் நாற்பது நொடி.

மான் செத்ததைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் ஆட்டுக்கறி தின்கிறவள். கொலை மறுப்பு பேசும் உரிமை எனக்கு இல்லை. தவிர, என்னைத் தொந்தரவு செய்தது வேறு. முப்பதாவது நொடி வாக்கில், 'இன்னும் சுடவில்லையே' என்று எனக்குத் தோன்றியது. சுட வேண்டும் என்று நான் விரும்பினேனா, அது முடிந்துவிட வேண்டும் என்று விரும்பினேனா, தெரியாது. எதுவானாலும் நான் உட்கார்ந்திருந்தது அவருடைய கண்ணுக்குள். மானின் பக்கத்திலோ மரத்தடியிலோ உட்கார எனக்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

அந்த இடம் எப்படி உருவாகிறது என்று தம்பியிடம் கேட்டேன். துப்பாக்கியின் மேலிருக்கும் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டி வைக்க முடியாதாம். நாலு விரற்கடை பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது புருவம் கிழியும். அந்த இடைவெளியில்தான் கேமராவைப் பொருத்துகிறார்கள். ஆனால் கேமரா வந்தால் கண்ணுக்கு இடமில்லையே? அதற்காகச் சாய்வாக ஒரு பாதிக் கண்ணாடி வைக்கிறார்கள். வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கு சுடுகிறவரின் கண்ணுக்கும் ஒரு பங்கு கைபேசிக்கும் போகும். காட்சி இருவருக்கும் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

புதிய கருவிகளில் இந்தச் சிரமமும் இல்லை. தொலைநோக்கியே கேமரா. அவற்றில் சிலவற்றில் ஒரு வசதி உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் காட்சி உள்ளே பதிவாகிக்கொண்டும் அழிந்துகொண்டும் இருக்கும். துப்பாக்கி உதைத்த அதிர்வை உணர்ந்ததும், அதற்கு முந்திய சில நொடிகளையும் பிந்திய சில நொடிகளையும் கருவி தானாகவே சேமித்துவிடும். அதிர்வு இல்லையென்றால் சேமிப்பு இல்லை.

தம்பி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஒருவர் விடிகாலைக் குளிரில் இரண்டு மணி நேரம் ஒரு பெண்மானைக் குறுக்குக் கோடுகளுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, குட்டி பின்னால் வருவதைக் கண்டு விரலை எடுத்துவிடலாம். கருவியைப் பொறுத்தவரை அப்படி ஒரு காலை இல்லை. சுட்டால்தான், சுடுவதற்கு முன் பார்த்ததும் 'பார்த்தது' ஆகிறது.

இது புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களில் வைத்த கேமராக்கள் விமானி சுடும் விசையை அழுத்தும்போது ஓடின. எதிரி விமானம் விழுந்ததா என்று சரிபார்க்க அந்தப் படச்சுருள்தான் சாட்சி. அதற்கும் முன்னால், 1882இல், பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமரா செய்தார். குழலில் லென்ஸ், விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம். பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று அறிவதற்காக அதை வானத்தை நோக்கிக் குறிவைத்தார். அதில் குண்டு இல்லை. ஒரு பறவையும் சாகவில்லை. ஆனாலும் பார்க்கும் கருவிக்கு உருவம் கொடுக்க நினைத்தபோது அவருக்குத் துப்பாக்கிதான் கிடைத்திருக்கிறது.

தமிழ்க்காரியான என்னால் 'குறி' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. குறி என்றால் இலக்கு, அடையாளம், குறி சொல்வது, ஆண் உறுப்பு. அகத்திணையில் காதலர் சந்திக்கும் இடமும் குறிதான்: பகற்குறி, இரவுக்குறி. அங்கே தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். கெடுதி வினாதல் என்பார்கள். விலங்கு ஒரு சாக்கு. தேடி வந்தது அவளை. எத்தனையோ ஆண்டுகளாக அழகான காட்சி என்று சிரித்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த விலங்கு நிஜமாக இருந்திருந்தால் அம்போடு எங்கே போய் விழுந்திருக்கும் என்று வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வேட்டைக்காரர்கள் அதைக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேமராவுக்கு அவர்கள் சொல்லும் நியாயமே அதுதான். சுட்டவர் கண்ணுக்கு அந்தக் கணம் உதைப்பில் தொலைந்துபோகும். படத்தை மெதுவாக ஓட்டினால் குண்டு நெஞ்சில் பட்டதா வயிற்றில் பட்டதா என்று தெரியும். வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் ஓடி ஓடி எங்கோ போய் யாருக்கும் கிடைக்காமல் சாகும். பல மணி நேரம் பொறுத்துப் போனால் பக்கத்திலேயே படுத்திருக்கும். கேமரா வதையைக் குறைக்கிறது என்கிறார்கள். இதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் தம்பிக்கு வந்து, எனக்கும் வந்த படம் மானைத் தேடிப் போவதற்காக அனுப்பப்பட்டதல்ல.

தூக்கம் வராத அந்த இரவில் எனக்கு மானைவிட அதிகம் நினைவுக்கு வந்தவள் ஒரு மாணவி. நாலு வருடத்துக்கு முன் முதுகலை முதலாண்டு. மதிய இடைவேளையில் துறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, பஸ் ஸ்டாப்ல எதிர்க் கடையில ஒருத்தன் தினமும் நிக்கிறான்."

"சொல்லும்மா. என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பாத்துக்கிட்டே இருக்கான்."

"பேசினானா? பின்னாடி வந்தானா? போட்டோ எடுத்தானா?"

"இல்லம்மா."

பெண்ணைப் பின்தொடர்வதும், அந்தரங்கத்தில் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றங்கள் என்று எனக்குத் தெரியும். மேடைகளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்று அவள் சொன்னதை அந்தப் பிரிவுகளில் எதிலாவது பொருத்த முடியுமா என்றுதான் மனம் தேடியது. பொருந்தவில்லை. "ஏதாவது செஞ்சா உடனே வந்து சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிறகு வந்து எதுவும் சொல்லவில்லை. எனவே எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வட்டத்துக்குள் நின்ற மான் குண்டு வருமுன்பே காதைத் திருப்பியது. அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருந்தது; அதைச் சொல்லத்தான் வந்தாள். அதிர்வுக்காகக் காத்திருந்தவள் நான்.

மறுநாள் அவள் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. குழந்தைக்கு ஒரு வயது. நலம் விசாரித்த பின் தயங்கிக் கேட்டேன், அந்த பஸ் ஸ்டாப் விஷயம் என்ன ஆச்சு என்று.

"எந்த விஷயம்மா?" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதுவா? ஏழு நாப்பது பஸ்ஸ விட்டுட்டு ஆறே முக்கால் பஸ்ஸுக்கு மாறிட்டேன். ரெண்டு வருஷமும் அதுலதான் வந்தேன்" என்றாள்.