கதிரும் எழுதுகோலும்

மாலை வகுப்பொன்றில் நன்னூலின் பொதுப்பாயிரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். ஏட்டிற்கு ‘நூல்’ என்னும் பெயர் வாய்த்த காரணத்தைப் பவணந்தியார் விளக்கும் இடம் அது. சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உருவகிக்கின்றார். மாணவர் ஒருவர் எழுந்து, “கதிர் என்றால் நெற்கதிரா, சூரியக் கதிரா, ஹஜ்ரத்?” என்று வினவினார். “இராட்டையோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கம்பி, அதன் முனையில்தான் பஞ்சு நூலாகின்றது” என்று கூறிவிட்டு அடுத்த சூத்திரத்திற்குச் சென்றோம். சொன்ன நமக்கும் அதைச் சுழற்றத் தெரியாது என்பதை அம்மாணவர் அறியார்.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதே உவமையின் இலக்கணம். பவணந்தியார் காலத்து மாணவர், தம் வீட்டுத் திண்ணையிலேயே கதிரைக் கண்டிருப்பார். அதனால் அவர் அதை விளக்கவில்லை. இன்றோ ஏடு தெரிந்த பொருளாகிவிட்டது. கதிர் தெரியாத பொருளாகிவிட்டது. எனவே இரண்டு வினாக்கள் எழுகின்றன. கையின் அறிவை ஏட்டில் ஏற்ற முடியுமா? முடியுமாயின், அறிந்தவர் அதைப் பிறர்க்கு அளித்தே தீர வேண்டுமா?

முதல் வினாவைப் பார்ப்போம். கொட்டை நீக்கி வில்லால் அடித்த பஞ்சைச் சிறு பட்டைகளாகத் திரட்டிக்கொள்ள வேண்டும். வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, பட்டையைப் பற்றிய இடக்கை மெல்லப் பின்வாங்க வேண்டும். கதிர் முனையில் பிறக்கும் முறுக்கு பஞ்சினுள் ஏறி அதன் இழைகளைப் பிணைக்கின்றது. கை விரைந்தால் நூல் அறும். தயங்கினால் முறுக்கு மிகுந்து சுருளும். இவ்வளவையும் எழுதிவிடலாம். ஆனால் எவ்வளவு விரைவு, எவ்வளவு தயக்கம் என்று கேட்டால் ஏடு வாய்மூடிவிடுகின்றது. அதை விரல் நுனிகளே அறியும்.

நமது துறையிலும் இந்நிலை உண்டு. ‘ளாத்’ என்னும் அரபெழுத்து நாவின் ஓரத்திலும் மேல் கடைவாய்ப் பற்களிலும் பிறப்பதைத் தஜ்வீத் ஏடுகள் நுணுக்கமாக வரையறுக்கின்றன. எனினும் ஏட்டை மட்டும் படித்து அதனைச் செம்மையாக ஒலித்தாரை நாம் கண்டதில்லை. ஆசானின் வாயைப் பார்த்தே நாவு திருந்துகின்றது. அதற்காக ஏடு வீண் என்போமா? ஆசான் பிழைபட்டால் அவரைத் திருத்துவதற்கு அந்த ஏடுதானே எஞ்சி நிற்கின்றது!

இரண்டாம் வினாவே கடினமானது. 1909இல் ‘இந்து சுயராஜ்யம்’ எழுதியபோது தாம் இராட்டையைக் கண்டதாக நினைவில்லை என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கின்றார். சபர்மதி ஆசிரமத்தார் நெசவு பழக விரும்பிப் பாலன்பூரிலிருந்து ஒரு வல்லுநரை வரவழைத்தனர். அவரோ தம் கலை முழுவதையும் கற்பிக்கவில்லை. மகன்லால் காந்தி தம் இயல்பான மதிநுட்பத்தால் எஞ்சியதைத் தாமே கண்டறிந்தார். நூற்பு பற்றிய தேடலோ இன்னும் நீண்டது. 1917இல் புரோச் கல்வி மாநாட்டில் காந்தியடிகள் சந்தித்த கங்காபென் மஜ்முதார் என்னும் அம்மையார், குஜராத்தெங்கும் அலைந்து, பரோடா சமஸ்தானத்தின் விஜாபூரில் இராட்டைகளைக் கண்டுபிடித்தார். அவை பரண்களில் கிடந்தன. ‘பட்டைகளை ஒழுங்காகத் தந்து, நூற்ற நூலை விலைக்கு வாங்குவதாக உறுதி கூறினால் மீண்டும் நூற்போம்’ என்றனர் அவ்வீட்டுப் பெண்கள். பம்பாய் ஆலை அதிபர் உமர் சோபானி தம் ஆலையிலிருந்து பட்டைகளை அனுப்ப முன்வந்தார். நூல் வந்து குவியத் தொடங்கியது. பின்னர் 1924இல் மகன்லால் காந்தி ‘சர்க்கா சாஸ்திரம்’ என்னும் நூலையே எழுதினார்.

பாலன்பூர் வல்லுநரைக் கஞ்சன் என்று பழிப்பது எளிது. கேட்கப்பட்ட அறிவை மறைப்பதை நபிமொழி வன்மையாகக் கண்டிக்கின்றது என்று அவருக்கெதிராக எடுத்துக்காட்டவும் கூடும். ஆயினும் அது மார்க்க அறிவைக் குறித்தது என்றே உரையாசிரியர் பலர் கூறுவர். தம் கலை ஊர்ப்பொதுவானால் தம் பிள்ளைகளின் சோறு என்னாகும் என்று அஞ்சியவரிடம் அந்த நபிமொழியை நீட்டுவது நீதியாகுமா? விஜாபூர்ப் பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு அறமுரைத்தவர் எவருமில்லை. கூலிக்கு உறுதி கிடைத்தது, பரணிலிருந்து இராட்டை இறங்கியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் உழவையும் நெசவையும் ‘பர்ளு கிஃபாயா’வாக, அதாவது சமுதாயம் முழுவதன் மீதும் விழுந்த கடமையாக வகுத்துள்ளார்கள். சிலர் செய்தால் எல்லார் கடமையும் நீங்கும். எவரும் செய்யாவிடில் எல்லாரும் குற்றவாளிகள். நூலின்றி நெசவில்லை, ஆகவே நூற்பும் அக்கடமையில் அடங்கும் என்பது நமது துணிபு. கடமை சமுதாயத்தினுடையதாயின், அதன் சுமையைக் கைவினைஞர் ஒருவரின் தோளிலேயே ஏற்றுவது எங்ஙனம் தகும்? அவர் அறிவைத் தர வேண்டும்; நாம் அவர் வாழ்வைத் தாங்க வேண்டும். நம் பங்கைச் செலுத்தாமல் அவர் பங்கை மட்டும் கேட்பது அறமன்று.

நம் தெருவில் எண்பதைக் கடந்த பெரியம்மா ஒருவர் இருக்கின்றார். சிறுவயதில் பள்ளியில் தக்ளி நூற்றவர். தாளும் எழுதுகோலும் கொண்டு அவரிடம் சென்றோம். “எப்படி நூற்பது என்று எழுதாதீங்க, ஹஜ்ரத். அறுந்தா என்ன செய்யணும்னு முதல்ல எழுதுங்க. புதுசா நூற்கிறவங்களுக்கு அறுந்துகிட்டேதான் இருக்கும்” என்றார். அறுந்த முனையின் மேல் பட்டையின் நுனியைச் சற்றே படிய வைத்துச் சுழற்ற வேண்டும். முறுக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதைச் செய்து காட்டினார். நாம் எழுதினோம், பிறகு நாமும் செய்தோம். ஏழு முறை அறுந்தது.

எழுந்தபோது, ஒரு பாடத்திற்கு நாம் பெறும் தொகையை அவர் முன் வைத்தோம். “இதுக்கெல்லாமா காசு?” என்று மறுத்தார். “ஆசிரியருக்கு உரியது, பெரியம்மா” என்றோம். சற்று நேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். “அந்தப் பையனையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க” என்றார்.