யாருடைய ஒளி?

தில்லியில் பிறந்து வளரும் என் பேத்தி, கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள், திடீரென நிமிர்ந்து கேட்டாள்: “தாத்தா, இந்த லைட் யாரோடது? மீனோடதா, அதோட வயித்துக்குள்ள இருக்கிற பாக்டீரியாவோடதா?” எழுபது வயதைக் கடந்த எனக்கு விடை உடனே தோன்றவில்லை. இன்னும் முழுமையாகத் தோன்றிவிட்டதாகவும் சொல்வதற்கில்லை.

அம்மீனின் பெயர் சிபாமியா. சுண்டுவிரல் நீளங்கூட இராது. பகலெல்லாம் பவளப்பாறைகளிடையே, கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்குள் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். இருள் கவிந்ததும் இரைதேடப் புறப்படும். அப்போது அதன் அடிவயிறு மெல்லென ஒளிரும். விடியுமுன் தன் பழைய இடத்துக்கே அது திரும்பிவிடுவதை ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ஆய்ந்தோர் கண்டறிந்துள்ளனர். ஒளியின் பயன் யாது? இரையைக் காட்டுகிறது என்பார் சிலர். கீழிருந்து நோக்கும் பகைக்குத் தன் கருநிழல் புலப்படாதவாறு, மேலிருந்து விழும் வெளிச்சத்தோடு மீனைக் கலந்துவிடச் செய்கிறது என்பார் வேறு சிலர். விளக்கேற்றி ஒளிந்துகொள்ளும் வித்தை! அயலூரில் நிழல் தெரியாமல் வாழப் பழகிய நமக்கு இது விளங்காததன்று.

ஒளியைத் தருவதோ மீனன்று. அதன் குடலை ஒட்டிய சிறு பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே தருகிறது. அந்நுண்ணுயிரின் பெயரைக் கேட்டால் தமிழர் வியப்பர்: ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். ஆம், நம் இராமேசுவரத்துக்கு இக்கரையிலுள்ள மண்டபமேதான்! 1970-ஆம் ஆண்டு அறிவியலார் இட்ட பெயர் அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1971 வரை அவ்வூரில்தான் இருந்தது. அதற்கும் முன்னர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களை நோய்ச்சோதனைக்காகத் தங்கவைத்த முகாமும் அங்கேயே. எத்தனை குடும்பங்கள் அக்கரையை நோக்கியபடி அங்கே காத்திருந்தனவோ! அவ்வூரின் பெயர் இன்று ஒகினாவா மீனின் வயிற்றில் ஒளிர்கிறது.

நம் காரல் மீனும் இவ்வாறு ஒளிர்வதே. சந்தையில் மலிவாகக் கிடைத்த அதைக் குழம்பாக்கி உண்டவருள் எத்தனைபேர் இதனை அறிவோம்? அதன் உணவுக்குழலைச் சூழ்ந்த உறுப்பில் வாழ்வது மண்டபமென்சிஸின் நெருங்கிய உறவினம்.

பேத்தியின் வினாவுக்கு வருவோம். சிபாமியாவின் குஞ்சு ஒளியோடு பிறப்பதில்லை. தந்தைமீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆயினும் அத்தந்தையால் ஒளியை மட்டும் கொடுக்க முடியாது. ஒளிக்குரிய வெற்றுப்பையோடு குஞ்சு கடலில் விடப்படுகிறது. சுற்றியுள்ள நீரிலிருந்து நுண்ணுயிர் வந்து சேர்ந்தால்தான் விளக்கு எரியும். மிகுதியாகப் பெருகியவற்றை மீன் குடல்வழியே கடலில் விட்டுவிடுகிறது. அதுவே அருகில் வளரும் வேறொரு குஞ்சின் விளக்காகக்கூடும்.

இரவல் ஒளியில் பெருமை என்ன என்று கேட்பாருண்டு. எனக்கு அவ்வாதம் உடன்பாடில்லை. மீன் உறைவிடமும் உணவும் தருகிறது. நுண்ணுயிர் ஒளி தருகிறது. நுண்ணுயிர் தனித்துக் கடல்நீரில் திரிந்தால் அதன் ஒளி எவர் கண்ணுக்கும் எட்டாது. கோடிக்கணக்கில் ஓரிடத்தில் திரண்டாலன்றோ அது விளக்காகும்! எனவே ஒளி இருவருக்கும் இடையில் நிகழ்வது. எவருடைய உடைமையும் அன்று. ஆனால் மீனுக்கு இதில் தெரிவு இல்லை. ஆகவே அறமும் இல்லை. நமக்கோ தெரிவு உண்டு. என் மகனுக்கு நான் செவியும் நாவும் தந்தேன். தமிழைக் குருதியில் தர இயலவில்லை. அவனைச் சூழ்ந்த நீரில் அது இருந்ததா? அலுவலகக் கோப்புகளோடு இரவில் வீடு திரும்பிய ஆண்டுகளில் அதை நான் கவனிக்கவில்லை. அக்குறை என்னுடையதே. இவ்வூர்ச் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து சலித்துக்கொண்டே அவன் கேட்டவற்றால்தான், இன்று அவன் மகள் என்னிடம் தமிழில் வினவுகிறாள்.

“ரெண்டு பேரோடதும்” என்றேன் அவளிடம். அவள் ஒப்பினாளா என்பது தெரியவில்லை. அதற்குள் அடுத்த வினா வந்துவிட்டது: “முட்டையை வாயில வச்சிண்டிருந்தா அந்த அப்பா மீன் எப்போ சாப்பிடும்?”

“பொரிஞ்சப்புறம்” என்றேன்.