ஆயுட்சிறையும் அறமும்

பொள்ளாச்சியில் பெண்களை வஞ்சித்து வதைத்த ஒன்பது பேருக்கு, 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தபோது, ஆறாண்டு காலம் மனம் கொதித்திருந்த ஜனங்கள் ஆறுதல் அடைந்தது இயற்கையே. அப்பெண்களின் வேதனைக்கு எத்தண்டனையும் ஈடாகாது. அத்தகையோரை நெடுங்காலம் ஊரினின்றும் விலக்கி வைப்பதும் அவசியமே. ஆயினும், ஒருவன் இனி எவ்வளவு திருந்தினாலும் பிணமாகத்தான் வெளியேற வேண்டும் என்று இன்றே விதித்துவிடுவதனால் தருமத்துக்கு என்ன பயன் என்று ஆராய்ந்தால், ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலையை நாடி உழைக்க இடம்கொடுக்கும் ஆயுள் தண்டனை நியாயமானது. அவ்வழியையும் அடைத்துவிடுவது கோபத்தின் செயலேயன்றி நீதியின் செயலன்று.

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுதான் என்று பலரும் நம்புகின்றனர். அது தவறு. பழைய தீவாந்தர சிட்சை 1956 முதல் ஆயுட்சிறையாக மாறியபின், ஆயுள் என்பது இயற்கையான ஆயுள் முழுவதையுமே குறிக்கும் என்று 1961-இல் கோபால் கோட்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. 1978-இல் வந்த திருத்தம், கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு ஆயுள் பெற்றவர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவரலாகாது என்று எல்லை கட்டிற்றேயன்றி, அதற்குப்பின் விடுதலையை உரிமையாக்கவில்லை. இவ்வளவு கடுமை போதாதென்று, தண்டனைக் குறைப்புக்கே இடமில்லாத ஆயுட்சிறையை 2008-இல் சிரத்தானந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்தது. 2015-இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. ஜனாதிபதி, கவர்னர் ஆகியோரின் கருணை அதிகாரம் மட்டுமே எஞ்சுகிறது.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் வேறு விதமாகச் சிந்தித்தனர். கொடியோரை ஒறுத்தலைக் களையெடுப்புக்கு ஒப்பிட்ட வள்ளுவரே, குற்றத்தை நாடி, அது மீண்டும் நிகழாவண்ணம் தகுதிக்கேற்பத் தண்டிப்பவனே வேந்தன் என்று வேறோர் அதிகாரத்தில் இலக்கணம் வகுத்து, ஓங்குவது கடிதாயினும் எறிவது மெல்லியதாகட்டும் என்று அடுத்த குறளிலேயே அறிவுறுத்துகிறார். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் சத்தியவான், குற்றவாளியைக் கொல்வதால் குற்றமற்ற அவன் குடும்பமும் அழிகிறதே என்று தந்தையிடம் வாதிடுகிறான். முடிசூடிய இருபத்தாறு ஆண்டுகளுக்குள் இருபத்தைந்து முறை கைதிகளை விடுவித்ததாக அசோகன் தூணில் பொறித்து வைத்தான். கடுமைக்குப் பெயர்போன கௌடில்யரும் சிறார், முதியோர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகிய கைதிகளை நல்ல நாட்களில் விடுவிக்கச் சொல்கிறார். இவர்கள் எல்லோரினும் மேலாக, மணிமேகலை சிறைக்குள் சென்று பசித்தோர்க்கு அமுதசுரபியினின்றும் சோறிட்டு, சோழனிடம் வேண்டி அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவித்தாள்; சாத்தனார் அதற்கென்று ஒரு காதையையே ஒதுக்கினார்.

சிறைக்குள் நடப்பதைச் சற்றுக் கவனித்தாலும், விடுதலை நம்பிக்கையே ஒருவனைத் திருத்தும் என்பது விளங்கும். தறியில் ஒழுங்காக நெய்து, சண்டை சச்சரவின்றிக் கழித்த மாதங்களுக்காக ஆயுள் கைதியின் பதிவேட்டில் சில நாட்கள் கழிவாக ஏறுகின்றன. அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே அவன் எழுத்துக் கற்கிறான், கைத்தொழில் பழகுகிறான், மகளின் கல்யாணத்துக்குப் பரோலில் போனவன் குறித்த நாளில் தானாகவே திரும்பி வருகிறான். கழிவே கிடையாது என்று விதிக்கப்பட்டவனுக்கோ அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. திருந்தினவனுக்கும் திருந்தாதவனுக்கும் ஒரே முடிவு என்றால், அவன் எதற்காகத் திருந்துவான்?

விடுதலை அதிகாரம் துஷ்பிரயோகம் ஆவதுண்டு என்பது மெய்தான். 2002 குஜராத் கலவரக் கொலை வழக்கில் 2022 சுதந்திர தினத்தன்று விடுவிக்கப்பட்ட பதினொருவரை, குஜராத் அரசுக்கு அவ்வதிகாரமே இல்லை என்று கூறி, 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மீண்டும் சிறைக்கு அனுப்பிற்று. அதிகாரத்தை முறைப்படுத்த வேண்டும் என்பதற்கு அது சான்றாகுமேயன்றி, அதை ஒழிப்பதற்குச் சான்றாகாது. ஆகவே, சாகும்வரை என்று தண்டனை பெற்றோரின் வழக்குகளையும் பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் ஒரு நீதிபதியின் தலைமையில், பாதிக்கப்பட்டோரின் சொல்லையும் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்து மறுபரிசீலனை செய்யும் சட்டத்தைப் பார்லிமெண்ட் இயற்ற வேண்டும்.