மட்டப்பலகையும் சிம்மாசனமும்

லண்டன் நகரில், புனித பவுல் பேராலயத்தை அடுத்திருந்த ‘கூஸ் அண்ட் கிரிடைரன்’ என்னும் மதுச்சாலையில், 1717ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி, ‘லாட்ஜ்’ என்னும் நான்கு சபைகளைச் சேர்ந்த பிரீமேசன்கள் கூடித் தங்களுக்கென ஒரு பொதுத் தலைமையை ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று அச்சங்கத்தின் பழைய வரலாறு கூறுகிறது. அன்று கைகளை உயர்த்திப் பெரும்பான்மையால் அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் கிராண்ட் மாஸ்டர் அந்தோணி ஸேயர். பட்டமில்லாத அந்த மனிதர் பிற்காலத்தில் வறுமையுற்று, தாம் தலைமை வகித்த அதே சபையின் தர்ம நிதியிலிருந்து உதவி வேண்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை விண்ணப்பித்தார். முதுமையில் லண்டன் லாட்ஜ் ஒன்றின் வாயிலைக் காக்கும் ‘டைலர்’ என்னும் ஊழியத்தை ஏற்று, உள்ளே சகோதரர்கள் கூடியிருக்க, கதவுக்கு வெளியே நின்று ஜீவனம் செய்தார். அவர் கிராண்ட் மாஸ்டராகப் பதவியேற்று நான்கே ஆண்டுகள் கழிந்த 1721இல், மாண்டகு டியூக் அந்தப் பீடத்தில் அமர்ந்தார். அன்றுமுதல் பிரபு குலத்தையோ ராஜ குடும்பத்தையோ சேராத ஒருவரும் அதில் அமர்ந்ததில்லை.

கொத்தனாரின் கருவிகளை அறநெறியின் சின்னங்களாக ஏற்றுக்கொண்ட சங்கம் அது. மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கிறது. கவராயம் ஆசைகளுக்கு எல்லை வகுப்பதைக் குறிக்கிறது. மட்டப்பலகையோ, பிறப்பாலும் பொருளாலும் பதவியாலும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற மனிதர்கள் லாட்ஜின் வாயிலைக் கடந்தவுடன் ஒரே தளத்தில் நின்று ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கிறது. இவ்வாறு நாள்தோறும் சமத்துவத்தைப் போதிக்கும் சபை, தன் தலைமைப் பீடத்தை மாத்திரம் முந்நூறு ஆண்டுகளாக உயர்குலத்தோரிடமே ஒப்படைத்து வந்திருப்பது தர்மத்திற்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க கேள்வி.

1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்து வெளியிட்ட அச்சங்கத்தின் சட்ட நூலிலேயே இந்த முரண்பாட்டின் வித்தைக் காணலாம். மேசன்களுக்குள்ளே எந்த உயர்வும் உண்மையான தகுதியையும் சொந்த யோக்கியதையையும் மட்டுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்று விதிக்கும் அதே அத்தியாயம், சற்றே கீழே வந்து, கிராண்ட் மாஸ்டராக வருகிறவர் உயர்குடிப் பிறப்பினராகவோ, சிறந்த கனவானாகவோ, புகழ்பெற்ற பண்டிதராகவோ, தேர்ந்த கட்டடக் கலைஞராகவோ பிற கலைஞராகவோ இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. ஏட்டளவில், ஆகவே, பண்டிதனுக்கும் கலைஞனுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. அதைச் சாத்தியது சட்டமன்று, வழக்கமே. ஒரு நியாயத்தை மறுப்பதைக் காட்டிலும், அதை எழுதிவைத்துவிட்டு வழக்கத்தில் அழியவிடுவது ஒரு சமூகத்திற்கு எளிதாகிவிடுகிறது.

எனினும் எதிர்த்தரப்பின் வாதத்தைச் செவ்வையாகக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது முறையாகாது. இரகசியமாகக் கூடுகிற எந்தக் கூட்டத்தையும் அரசும் திருச்சபையும் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1738இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெண்ட் இச்சங்கத்தைக் கண்டித்துச் சாசனம் பிறப்பித்தார். பிரெஞ்சுப் புரட்சியின் அனல் கடல் கடந்து வீசிய 1799இல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு இரகசியச் சங்கங்களை ஒடுக்கச் சட்டம் இயற்றியபோது, பிரீமேசன் லாட்ஜுகள் தப்பிப் பிழைத்தமைக்கு, அன்றைய கிராண்ட் மாஸ்டர் பட்டத்து இளவரசராக இருந்ததும், அவருக்குப் பதிலாகச் சங்கத்தை நடத்திவந்த மொய்ரா பிரபுவும், பிரீமேசன்களின் மற்றொரு தலைமைச் சபையான கிராண்ட் லாட்ஜுக்குத் தலைவரான அத்தோல் டியூக்கும் மந்திரிகளிடம் பரிந்து பேசியதுமே காரணம். ஆண்டுதோறும் உறுப்பினரின் பெயரையும் தொழிலையும் நீதிபரிபாலன அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மழை கொட்டும்போது குடை பிடிப்பவரின் குலம் கோத்திரம் கேட்டுக்கொண்டு நிற்பவர் எவருமில்லை. அந்த அளவில் அந்த ஏற்பாட்டை மன்னிக்கலாம்.

பிரபுக்கள் உள்ளே வந்ததால் சமத்துவம் மெய்யாகவே அனுபவமாயிற்று என்று வாதிப்பவரும் உண்டு. அவர்களுக்கு 1737ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சாட்சியாக நிற்கிறது. பிரான்ஸ் தேசத்தில் புராட்டஸ்டண்டு மதத்தினர் துன்புறுத்தப்பட்ட நாளில், குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அகதி, ஜான் தியோபிலஸ் டெசகுலியர்; ஓர் ஏழைப் போதகரின் மகன். ஆக்ஸ்போர்டில் கற்று, நியூட்டனின் விஞ்ஞானத்தைச் சோதனைகளால் விளக்கிக் காட்டும் பணியை ராயல் சொசைட்டியில் ஏற்று, அதன் காப்ளே பதக்கத்தை மும்முறை பெற்ற அவர், 1719இல் மூன்றாவது கிராண்ட் மாஸ்டராக விளங்கியவர். க்யூ மாளிகையில் இளவரசர் பிரெடரிக்குக்குத் தீட்சை அளித்த லாட்ஜுக்கு அன்று தலைமை வகித்தவர் இந்த அகதியே. அரியணைக்கு உரியவன் அகதியின் முன் மாணவனாக நின்ற அந்தக் கணத்தில் மட்டப்பலகை தன் வேலையைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் டெசகுலியருக்குப் பின், அவரைப் போன்ற பட்டமற்ற பண்டிதர் ஒருவருக்கும் அந்தப் பீடம் கிட்டவில்லை.

உயர்குடிப் பிறப்பு ஒழுக்கத்துக்கு ஜாமீன் என்று நம்பியவர்களுக்கு விடை உடனே கிடைத்தது. மாண்டகுவுக்கு அடுத்தவராக 1722இல் வந்த வார்ட்டன் டியூக், அளவற்ற செல்வத்தையும் கூரிய அறிவையும் ஒருங்கே பெற்றிருந்தும், சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் அவற்றை அழித்து, தாம் பிரமாணம் செய்துகொடுத்த அரசருக்கே பகைவராகி, ஸ்பெயின் தேசத்து மடாலயம் ஒன்றில் 32ஆம் வயதில் வறியவராய் உயிர்நீத்தார். ஸேயரும் வறியவராகவே முடிந்தார். ஆயினும் அவர் கடைசிவரை தம் சகோதரர்களுக்கு ஊழியம் செய்து உண்டவர்.

அதே சங்கத்தில் செயல் ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் அமைந்த சந்தர்ப்பமும் உண்டு. ஏழை மேசன்களின் பெண் குழந்தைகளுக்காக 1788இல் பள்ளி ஒன்றைத் தோற்றுவிக்க உழைத்தவர் இத்தாலியில் பிறந்து லண்டனில் குடியேறிய பல் வைத்தியர் பார்த்தலோமியோ ருஸ்பினி. பள்ளி பெற்றதோ கம்பர்லாண்டு சீமாட்டியின் பெயரை.

இவற்றுக்கெல்லாம் மறுகரையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், பாஸ்டன் நகரத்தில் வாழ்ந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளியை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரின்ஸ் ஹால் என்பது அவர் இயற்பெயர். இளவரசர் என்று பொருள்படும் அந்தச் சொல் அவருக்குப் பட்டமன்று. ஆப்பிரிக்க வம்சத்தவரான அவரையும் அவரைப் போன்ற பதினான்கு பேரையும், 1775இல், பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஐரிஷ் லாட்ஜ் ஒன்று உறுப்பினராக ஏற்றது. அமெரிக்காவின் வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைத் தங்களோடு சேர்க்கவில்லை. ஆகவே ஹால் லண்டனுக்கு விண்ணப்பித்து, 1784இல் ‘ஆப்பிரிக்கன் லாட்ஜ்’ என்பதற்கு அதிகார சாசனம் பெற்றார். அடிமைகளின் விடுதலையை வேண்டி 1777இல் மாசசூஸெட்ஸ் சட்டசபைக்கு அனுப்பிய மனுவில் அவர் கையொப்பம் இருக்கிறது. சுதந்திரர்களாக வாழ்ந்த கறுப்பு மனிதர் மூவர் வஞ்சகமாகக் கப்பலேற்றப்பட்டு மேற்கிந்தியத் தீவுகளில் விற்கப்படவிருந்தபோது, 1788இல் சட்டசபையை அணுகி அவர் எழுப்பிய முறையீட்டை அடுத்து அந்த மாகாணம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. கடத்தப்பட்டவர்களும் வீடு திரும்பினார்கள். கறுப்புக் குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும் என்றும் அவர் இடைவிடாது கேட்டார்.

தலைமை என்ற சொல்லுக்கு எவ்வகையில் நோக்கினாலும் பொருத்தமான அம்மனிதர் தோற்றுவித்த லாட்ஜின் பெயர், 1813இல் இங்கிலாந்தின் இரு கிராண்ட் லாட்ஜுகளும் ஒன்றானபின், பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவர் வழிவந்த சங்கத்தை ஒரு மாகாணத்து வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ் மனமொப்பி நிலையாக அங்கீகரிக்க 1989 வரை ஆயிற்று. கனெக்டிகட் அந்த முதல் அடியை வைத்தது. சமத்துவத்தைச் சின்னமாக அணிந்தவர்கள் இருநூறு ஆண்டுகள் தாமதித்த இந்த அநீதியின் முன், டியூக்குகளின் வம்சாவளி ஒன்றும் பேச முடியாது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆறாவது மகனான ஸஸெக்ஸ் டியூக்கை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. 1813 முதல் 1843இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் கிராண்ட் மாஸ்டராக இருந்த அவர், யூதரும் பிற மதத்தினரும் மனச்சாட்சிக்கு ஊறின்றி லாட்ஜில் அமரத்தக்கவாறு சடங்குகளைத் திருத்தினார். யூதரின் குடியுரிமைக்காகவும் வாதாடினார். ஆகவே அரண்மனையில் பிறந்தவரிடம் நீதியுணர்வு இராது என்று சொல்வது, குடிசையில் பிறந்தவரிடம் யோக்கியதை இராது என்று சொல்வதைப் போன்ற பிழையே.

அவர் திறந்த வாயில் நம் நாட்டில் எளிதில் திறக்கவில்லை. அவருக்கு முன்பே, திருச்சிராப்பள்ளியில் 1770களின் நடுவில் ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா இச்சங்கத்தில் சேர்க்கப்பட்டார். இளவரசர் என்பதால் தடை எழவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்னும் ஹிந்து வர்த்தகர் அதே வாயிலைத் தட்டியபோதோ, ஹிந்துவின் கடவுள் நம்பிக்கை எத்தகையது என்ற விவாதம் பல ஆண்டுகள் நீண்டு, 1872இல்தான் அவர் உள்ளே அழைக்கப்பட்டார்.

சென்னையில் நகராண்மைக் கழகத்தின் வெண்ணிற மாளிகைக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபுவும் இந்தப் பீடத்தில் அமர்ந்தவரே. தந்தை பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், டௌனிங் தெருவின் 10ஆம் எண் வீட்டிலேயே பிறந்தவர் அவர். 1870இல் கிராண்ட் மாஸ்டரான அவர், தம் உள்ளம் கத்தோலிக்க மதத்தை நாடியபோது, அம்மதம் இச்சங்கத்தைக் கண்டிப்பதை உணர்ந்து, 1874இல் பதவியைத் துறந்துவிட்டே மதம் மாறினார். இரண்டு விசுவாசங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு ஒன்றை மறைத்து வாழ அவருக்கு வழி இருந்தது. அவர் அதை விரும்பவில்லை. பின்னர் வைஸ்ராயாக வந்து, தேசமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை ரத்துச் செய்து, 1882இல் ஸ்தல சுயாட்சிக்கு வழிவகுத்த அவரை, ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று நம் மக்கள் கொண்டாடினார்கள். அவர் பிறந்த வீட்டை எண்ணி அவ்வாறு கொண்டாடியவர் ஒருவருமிலர். அவர் விட்டுச்சென்ற பீடத்தை நிரப்பச் சங்கம் நாடியதோ மீண்டும் அரண்மனையையே. 1875இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பட்டத்து இளவரசர் கிராண்ட் மாஸ்டராக அமர்த்தப்பட்டார்.

1799இல் குடை தேவையாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். அந்த மழை எப்போதோ நின்றுவிட்டது. ஆண்டுதோறும் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும் என்ற அந்தப் பழைய நிபந்தனையும் 1967இல் ரத்தாகிவிட்டது. அதே 1967இல் பீடமேறிய கெண்ட் டியூக் அரை நூற்றாண்டுக்கு மேல் அதில் வீற்றிருந்தார். தலைவர் ராஜ குடும்பத்தவராயின் அன்றாடக் காரியங்களைக் கவனிக்கப் புரோ கிராண்ட் மாஸ்டர் என்ற தனி அதிகாரியை நியமிக்கும் வழக்கம், உழைப்பவர் ஒருவர், பெயருக்கு ஒருவர் என்ற பிரிவினையை நிரந்தரமாக்கிவிட்டது. அச்சமில்லாத காலத்தில் இந்த ஏற்பாடு நீடிப்பது, சங்கம் தான் எழுதிய விதியைத் தானே மீறுவதாகும்.

இந்தச் சங்கத்தில் இன்று உறுப்பினராயிருக்கிற ஒவ்வொருவரும், 1723ஆம் ஆண்டுச் சட்ட நூலில் பண்டிதனுக்கும் கலைஞனுக்கும் இடம் வைத்த அந்த அத்தியாயத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்; அடுத்த தேர்தலில் கை உயர்த்துமுன், லாட்ஜின் கதவுக்கு வெளியே காவல் நிற்கும் சகோதரரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.