கிழித்த ஓலை



நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பட்டம் வாங்கிய பிறகு சட்டம் படிக்கப் போகிறேன். இதை வீட்டில் சொன்ன அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பிடிபிடிஎன் கடன் வாங்கி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறது இதுக்காடா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் எனக்குப் பெரிய புராணத்தில் கிடைத்தது.

சுந்தரர் கதை நமக்கெல்லாம் தெரியும். தேவார வகுப்பில் கேட்டிருப்போம். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளைக் கோலத்தில் சுந்தரர். ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவே இல்லை.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையோர் கிழவரிடம் ஆதாரம் கேட்கிறார்கள். நீண்டநாள் வழக்கம், எழுத்து, சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். "இவன் கிழித்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார் கிழவர். பாட்டனார் கையெழுத்துள்ள வேறொரு ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. சுந்தரர் தோற்கிறார். பிறகு அந்தக் கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். வந்தவர் யார் என்று அப்போதுதான் தெரிகிறது.

இதைப் பாடிய சேக்கிழார் சோழ நாட்டில் அமைச்சராக இருந்தவர். சபை நடைமுறை தெரிந்தவர். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆவணத்தைப் பொதுவாக அசலைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு 73-ஆம் பிரிவு இருக்கிறது. நினைத்தால் சுந்தரரை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கக்கூடிய இறைவன், ஓலையோடு வந்து சபை முன் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஆண்டவனே நடைமுறைக்குக் கட்டுப்பட்டு நின்றார் என்றால் நாம் எம்மாத்திரம்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நிலம் கைமாறிவிட்டது, கோயிலை அகற்ற வேண்டும் என்ற விஷயம் மட்டும் புரிந்தது. நாங்கள் பத்துப் பேர் கூடிக் கத்தினோம். நான்தான் அதைப் பிய்த்துக் கிழித்துப் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று நான் பெரிய வீரன்.

சில வாரம் கழித்து ஒரு வழக்கறிஞர் அக்கா உதவ வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அந்த நோட்டீஸ்ல பதில் சொல்ல எந்தத் தேதி வரைக்கும் டைம் கொடுத்திருந்தாங்க?" யாருக்கும் தெரியவில்லை. யாரும் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்தால், தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட வழக்கம் நம்மிடம் இருந்தது. சாட்சி சொல்லப் பாட்டிமார் இருந்தார்கள். எழுத்து மட்டும் இல்லை. அம்மன் இப்போது வேறொரு சின்ன இடத்தில் இருக்கிறாள். தேதி தெரிந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று எனக்குத் தெரியாது. பதிலாவது சொல்லியிருப்போம். அந்த வாய்ப்பைக் கிழித்தவன் நான்.

அதனால்தான் சட்டம். அதற்கான தயாரிப்பை இப்போதே ஆரம்பித்துவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பை இங்கிருந்தே படிக்கலாம் என்பது திட்டம். அதன் பிறகு சி.எல்.பி. தேர்வு, ஐந்து தாள். அதற்கப்புறம் ஒன்பது மாதம் சேம்பரிங். எந்தத் தகுதியை ஏற்பார்கள் என்ற விதிகளை மற்றவர் சொல்லக் கேட்காமல் நானே வரி வரியாகப் படிக்கிறேன். நீதிமன்றத்துக்கு மலாய்மொழி முக்கியம் என்பதால் தினமும் ஒரு மலாய் நாளிதழ். வாரம் ஒரு தீர்ப்பு. படித்து முடித்ததும் தோற்ற தரப்பின் வாதத்தை என் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுவேன். அதுதான் ரொம்பக் கஷ்டம். ஆனால் மற்றவர் ஓலையைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பொறியியல் வீணும் இல்லை. அளவு எடுக்காமல் முடிவு எழுதினால் லேப் ரிப்போர்ட்டில் முட்டைதானே!

எல்லாரும் லாயர் ஆகச் சொல்லவில்லை. நம் அரசியலமைப்பின் 11-ஆம் விதி, ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தன் சமய விவகாரங்களைத் தானே நடத்தவும், சட்டப்படி சொத்து வாங்கி வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. அதில் 'சட்டப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தலைவர் ஐயாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்: சங்கப் பதிவுப் பத்திரம் எங்கே? நிலம் யார் பெயரில் இருக்கிறது? அனுமதிக் கடிதத்தின் அசல் யாரிடம் இருக்கிறது? இருப்பதைப் படித்து, நகல் எடுத்து, பத்திரப்படுத்துங்கள். இதுவும் உழவாரப்பணிதான்.

சுந்தரர் தவறியதும் ஒரு ஓலையில்தான். ஆனால் தீர்ப்பு வந்ததும் அவர் சபையை ஏசவில்லை, கிழவர் பின்னாலேயே நடந்தார். திட்டிய அதே சொல்லை முதலாக வைத்துப் பாடச் சொல்லி இறைவன் அவரை ஆட்கொண்டார். நம் தவறிலிருந்தே நம் பணியைத் தொடங்கிவைக்க அவனுக்குத் தெரியும்.

அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் போன வாரம் ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் மேசையில் வைத்தார். உள்ளே அவர் கோயில் பொருளாளராக இருந்த காலத்து ரசீதுகளும் கடிதங்களும். "இதெல்லாம் என்னான்னு படிச்சுப் பாரு" என்றார். படித்துக்கொண்டிருக்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.