ஷுக்ரு நாவோடு நிற்பதா?



1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமி இது. அந்தப் பயணத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. பட்டாசு, அச்சுத் தொழில் எல்லாம் பின்னால் வளர்ந்தன. இதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், நிஃமத்தை மறைப்பது நன்றிகேடு.

ஆனால் குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களை எந்தக் கணக்கில் எழுதுவது? சிவகாசி வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காரூன், தன் செல்வம் தன் அறிவால் வந்தது என்றான். நாம் அப்படிச் சொல்வதில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். மருந்து அறையில் நின்றவரை மறந்துவிட்டுச் சொன்னால், அவனுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?

தாவூத் (அலை) குடும்பத்தாரிடம் அல்லாஹ் கேட்டது செயலால் காட்டும் நன்றியை. நம் ஊரில் அந்தச் செயல் என்ன? அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு அறையில் ஆள் நிறுத்தாமல் இருப்பது. லைசென்ஸை உள்குத்தகைக்கு விடாமல் இருப்பது. தீபாவளி ஆர்டர் எவ்வளவு நெருக்கினாலும் சரி.